கேட்டதையே கேட்ட கிழவன்

என் தங்கையின் கணவர் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிறவரும் இல்லை. மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தால் அது யாருடைய ரத்தம், எந்தப் பரிசோதனைக்குப் போகிறது, ரிப்போர்ட் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. அதை ஆரம்பத்தில் எழுதிய நாலைந்து பேரில் அவரும் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் போயிட்டா அதை யாரு பாத்துக்குவாங்க மச்சான்?" என்பார். வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடப்பது போலத்தான் சொல்வார்.

அந்தப் புரோகிராமுக்கு ஆஸ்பத்திரியில் கிழவன் என்று பெயர். நர்சுகள் வைத்த பெயர். காலையில் மெதுவாக எழுந்திருப்பான், அவசரம் என்றால் மூச்சு வாங்குவான், திட்டினால் முறைத்துக்கொண்டு நிற்பான். "கிழவன் இன்னிக்கு எப்படி?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்களாம். மாப்பிள்ளைக்கு அதில் கோபமே கிடையாது. கிழவனுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், சாப்பிட்ட கையைக் கழுவக்கூட மறந்து கிளம்புகிற மனுஷன் அவர்.

எனக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் கதையெல்லாம் சொல்வார். நான் செய்யும் கேட்டைத் திறந்து மூடிப் பார்ப்பார். "இது திறக்கிற சத்தத்துல திருடன் தானாவே ஓடிடுவான் மச்சான்" என்பார். உங்க கிழவன் மாதிரி பாதியில் நின்றுவிடாது என்று நானும் விட மாட்டேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது. என் தங்கையைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒரு சொல் தடித்ததில்லை.

ஒரு நாள் கேட்டேன். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுக்கும், எழுத்து எப்படி மாப்பிள்ளை கெட்டுப்போகும் என்று. எழுத்து கெடாது என்றார். எழுதின வரி ஒவ்வொன்றும் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். கெடுவது இணைப்புகள். ஆஸ்பத்திரி வருஷா வருஷம் புதிதாக ஏதாவது கேட்கும். அவசரத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் மாட்டுவார்கள். அடுத்தவன் அதன் மேல் இன்னொன்றை மாட்டுவான். இப்படியே போனால், ஒரு நாள் இந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டில் விளக்கு அணையும். ஏன் அணைகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஜன்னலைத் திறக்கவே பயப்படுவார்கள். "அந்த பயம் வந்துடுச்சுன்னா உள்ள அழுகிடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் புதுக் கட்டடம் எழும்பிய வருஷம், மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிழவனை இன்னும் பல வருஷம் ஓட்ட வேண்டும், புது ஆட்கள் வரப்போகிறார்கள், அவர்களால் இவனைச் சமாளிக்க முடியாது. எங்கெங்கே சிதைந்திருக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், சீர் பண்ணிவிடலாம் என்றார்கள். வேலை மாப்பிள்ளையிடமும், அதே அறையில் அவருக்கு எதிரே உட்காரும் அம்மாளிடமும் வந்தது. அந்த அம்மாள் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பார். மாப்பிள்ளை அவருக்குத் தணிக்கையம்மா என்று பெயர் வைத்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார். இருவரும் நாள் முழுக்க சண்டை போடுவார்கள். சாயங்காலம் ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து, கிழவனையே படித்துப் பார்க்கும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினார்கள். இத்தனை வருஷத்தில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அது அலசும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு துண்டுகள் எப்போதும் சேர்ந்தே மாறியிருந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத முடிச்சு இருக்கிறது என்று காட்டும். ஒரே விஷயத்தைப் பல இடத்தில் எழுதி வைத்திருந்தால் அதையும் சொல்லும். ஆனால் யார் எழுதியது என்று மட்டும் சொல்லாது. சொல்லக் கூடாது என்று வைத்தது மாப்பிள்ளைதான். "இடத்தைத் தேடுவோம், ஆளைத் தேட வேணாம். ஆளைத் தேட ஆரம்பிச்சா எல்லாரும் ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று தணிக்கையம்மாவிடம் வாதாடி ஜெயித்தாராம். அந்த அம்மாளிடம் இவர் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவே சிவப்புக் கோடுகள் இழுத்து, கொண்டுவந்து என் பட்டறைத் தரையில் விரிப்பார். இது கவுன்டர், இது வார்டு, இது அவசரப் பிரிவு, இது ரிப்போர்ட் அச்சடிக்கிற இடம் என்று விரலால் காட்டுவார். எனக்கு ஏதோ குழந்தை கிறுக்கியது போல இருக்கும். அவருக்கு அது எக்ஸ்ரே.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாயா என்று தங்கையிடம் கேட்டுவிட்டு, அவள் நிறுத்தியாயிற்று என்று சொன்ன வாய் மூடுவதற்குள் மறுபடியும் கேட்பார். என் பட்டறைக்கு வரும்போது மேற்கே திரும்ப வேண்டிய தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டு, ஏதோ வேலை இருந்தது போல் சமாளித்துக்கொண்டு வருவார். ஆபீஸ் யோசனை என்று தங்கை சொல்லுவாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு சிரிப்புக் கதை வந்தது. கிழவன் இப்போது கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறானாம். ஒரே பெயர், ஒரே வயசில் இரண்டு நோயாளிகள் ஒரே நாளில் வந்தால், 'இவர்தானா, சரி பாருங்கள்' என்று ஒரு முறை கேட்டால் போதாதா? கவுன்டரில் கேட்கிறான், வார்டில் கேட்கிறான், அவசரப் பிரிவில் கேட்கிறான், ரிப்போர்ட் அச்சடிக்கும்போது கடைசியாக ஒரு தடவை கேட்கிறான். நர்சுகள் சலித்துப்போய், படிக்காமலேயே 'ஆமாம்' என்று தட்டிவிடுகிறார்கள். மாப்பிள்ளையே இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தணிக்கையம்மா என் பட்டறைக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. தானே யாரென்று சொன்னார். மிஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றினேன். உட்காருங்கள் என்றதற்கு, மாப்பிள்ளை உட்காரும் அதே டப்பாவில் உட்கார்ந்தார்.

ஒரே விஷயம் நாலு இடத்தில் எழுதியிருப்பதைத் தங்கள் புரோகிராம் காட்டிக்கொடுத்தது என்றார். நர்சுகள் சிரிக்கிற அதே கேள்விதான். யார் எழுதியது என்று பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் பேச்சு. ஆனால் இது மனசை உறுத்தியதால், அவர் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

"நாலும் உங்க மாப்பிள்ளை எழுதினது" என்றார்.

ஒரே வேலையை நாலு தடவை செய்தால் குடி முழுகிப் போய்விடுமா என்று கேட்டேன். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் கேட்டேன். எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது, புரியக் கூடாது என்று இருந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே ஒரு வரி குறிப்பு விட்டுப் போவார்களாம், பின்னால் வருகிறவர்களுக்காக. "முதல்ல எழுதினது போன வருஷம். மத்த மூணும் இந்த வருஷம். கடைசி ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாசம்கூட இல்ல. நாலு இடத்துலயும் ஒரே குறிப்பு எழுதியிருக்கார்" என்று சொல்லி, அந்த வரியை அவர் வாசித்த மாதிரியே சொன்னார். 'இதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.'

தெருவில் ஏதோ லாரி போயிற்று.

மேலே எழுதிக் கொடுக்க வேண்டாம், எப்படியாவது மறைத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். இது யாருடைய ரத்தம் யாருக்குப் போகிறது என்கிற விஷயம், ஒரு நர்ஸ் படிக்காமல் தட்டினால் ஒரு உயிர் என்றார். மறைக்க மாட்டேன், ஆனால் மேலே போவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும், அவரிடமோ அவர் மனைவியிடமோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். எழுந்து போகும்போது, "இந்த வேலையை எனக்குக் கத்துக் கொடுத்ததே அவர்தான் அண்ணே" என்றார்.

மறுநாள் ஞாயிறு. தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன். சாப்பிட உட்கார்ந்ததும் மாப்பிள்ளையே ஆரம்பித்தார். நல்ல குஷியில் இருந்தார். அந்தச் சின்ன புரோகிராம் கண்டுபிடித்த இடங்களின் பட்டியல் அவர் கைக்கும் வந்திருந்தது.

"ஒருத்தன் மச்சான், ஒரே கேள்வியை நாலு இடத்துல கொண்டுபோய் ஒட்டி வச்சிருக்கான். முதல்ல ஒட்டினதை ஒரு எட்டு பாத்திருந்தா போதும். பாக்கல. இவன் மாதிரி ரெண்டு பேர் இருந்தா போதும், கிழவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவான்" என்றார். தங்கை சிரித்தபடி அவர் தட்டில் பரிமாறினாள். "முட்டாள்னு சொன்னா முட்டாளுக்குக் கோபம் வரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நாளைக்கு என் பேச்சை நானே மீறப்போறேன். இவன் யாருன்னு பாத்துடணும்" என்றார்.

"வேணாம் மாப்பிள்ளை" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க, இடத்தைத் தேடுவோம், ஆளைத் தேட வேணாம்னு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ஒரு ஆளை மட்டும், மச்சான். இவனைப் பாக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

பெரிய இரும்பையெல்லாம் தூக்குகிறவன், ஒரு வார்த்தையைத் தூக்கி அவர் முன்னால் வைக்க முடியாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வண்டி இல்லாமல் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டப்பாவில் உட்காராமல், முந்தின நாள் நான் முடித்து வைத்திருந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த முட்டாளைக் கண்டுபிடிச்சிட்டேன் மச்சான்."

யார் என்று நான் கேட்கவில்லை. அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். நேத்து நான் திட்டறப்ப சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தீங்க" என்றார். கோபம் இல்லை. "நாலையும் திறந்து வச்சுப் படிச்சேன். ஒண்ணாவது எழுதின ஞாபகம் வருதான்னு பாத்தேன். என் கை மாதிரிதான் இருக்கு. ஆனா நான் எழுதினதா ஒண்ணுகூட தோணல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். தங்கையிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்றார். தான் சொன்னால் பாதியில் மறந்துபோய் நிற்பேன், அவள் சிரிப்பாள் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கேட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பெயின்ட் காயாத கேட். நெற்றியில் கோடாக ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

தங்கையிடம் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. டாக்டரிடம் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள். ஞாபகம் மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பி வராது என்றார்கள்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அந்த நாலு இடத்துக்கு எதிரே தன் பெயரை அவரே எழுதினாராம். வேறு எந்த இடத்துக்கும் யார் பெயரும் இல்லை. தணிக்கையம்மா தடுத்திருக்கிறார். எதனால் சிதைந்தது என்று தெரிந்தால்தானே திரும்ப அங்கே பார்ப்பார்கள் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். மேலதிகாரி கூப்பிட்டு வீட்டில் ஓய்வெடுங்கள் என்று சொன்னபோது, மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார். சீர் செய்கிற வேலை முடியும்வரை தன்னை அறையில் இருக்க விட வேண்டும், கை வைக்க மாட்டேன், கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்கிறேன் என்று. ஒத்துக்கொண்டார்கள்.

இந்த மாதிரி வேலையில் அடித்தளத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்களாம், பழையதிலிருந்து புதியதற்கு. இவர் தலைகீழாக மாற்றினார். போன மாசம் கட்டியதை முதலில் அவிழ்ப்போம், அப்புறம் போன வருஷம், அப்புறம் அதற்கு முந்தியது என்று சொல்லிவிட்டார். தணிக்கையம்மா வழக்கம்போல ஏன் என்று கேட்டார். "ஆரம்பத்துல எழுதினதெல்லாம் இங்க பத்திரமா இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். "கடைசியா கட்டின மாடிதான் இடிஞ்சு விழுது. அது முழுசா விழறதுக்குள்ள அங்க இருக்கறதை இறக்கிடுவோம்." அதற்கப்புறம் அந்த அம்மாள் அவர் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்குள் சண்டையும் நின்றுபோயிற்று. சண்டை நின்றதுதான் தனக்கு ரொம்பக் கஷ்டம் என்று அந்த அம்மாளே என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

அந்த மாதங்களில் அவரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வந்தது நான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த முடிச்சை அவிழ்த்தோம் என்று சொல்லிக்கொண்டு வருவார். போகப் போக, காலையில் அவிழ்த்தது சாயங்காலம் நினைவில் இருக்காது. ஆனால் கிழவனின் முதல் வருஷத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இந்த வரியை எழுதிய அன்றைக்கு மின்சாரம் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவன் விசிறியால் எனக்கும் சேர்த்து வீசினான், இந்த எண்ணை நான் இஷ்டத்துக்கு வைக்கவில்லை, லேப்பில் இருந்த பழைய மிஷின் அதற்கு மேல் தாங்காது, இப்போது அந்த மிஷினே இல்லை, தைரியமாக எடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாராம். தணிக்கையம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். யாரும் தொடப் பயந்த இடங்களையெல்லாம் பயம் இல்லாமல் தொட்டார்கள்.

முதலில் அவிழ்த்துத் தனியே வைத்திருந்த அந்த நாலு கேள்வியும் கடைசியில் ஒன்றாயிற்று. ஒரே இடத்தில் இருந்துகொண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஒரு தடவை கேட்கிறது. வெறுமனே 'ஆமாம்' என்று தட்டவும் முடியாது. நோயாளியின் அப்பா பெயரைக் கேட்டுப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நர்சுகளுக்கு சந்தோஷம். கிழவன் இப்போது ஒரு தடவைதான் கேட்கிறான் என்று தணிக்கையம்மா சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது, மாப்பிள்ளை, "ஒரு தடவை கேட்டாதான் காதுல விழும்" என்றார்.

அன்றோடு அவர் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாயா என்று ஒரு நாளில் எத்தனை தடவை கேட்பார் என்று எனக்குத் தெரியாது. தங்கை ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் நிறுத்திவிட்டேன் என்பாள். பொறுமையே இல்லாத பெண் அவள், சின்ன வயசில் என்னோடு மல்லுக்கு நின்றவள். எப்படிம்மா உன்னால் முடிகிறது என்று கேட்டேன். "அவருக்கு அது முதல் தடவைண்ணே. எனக்கும் அப்படியே வச்சுக்கிட்டேன்" என்றாள்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க நான் கூட்டிப்போனேன். அதே ஆஸ்பத்திரிதான். உள்ளே நுழைந்ததும் என் கையை உதறிவிட்டு மாடிப்படி பக்கம் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. காலுக்குத் தெரிந்திருக்கிறது. பிடித்துக் கூட்டி வந்து கவுன்டர் முன்னால் நிறுத்தினேன்.

கவுன்டரில் இருந்த பெண் புதுசு. அவருக்கு இவர் யாரென்று தெரியாது. பெயரையும் வயசையும் தட்டினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், நிமிர்ந்தார். இதே பெயர், இதே வயசில் இன்னொருவர் காலையில் வந்து போயிருக்கிறார், அப்பா பெயர் என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை பட்டென்று சொன்னார். அதெல்லாம் பத்திரமாக இருந்தது.

ரத்தம் எடுத்து முடித்து, ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் காதருகே குனிந்தார். முகம் கலவரமாக இருந்தது.

"மச்சான், ஒரே பேர்ல, ஒரே வயசுல ரெண்டு பேர் ஒரே நாள்ல வந்தா என்ன ஆகும்? இதை இதுவரை யாரும் கவனிக்கல" என்று எழுந்திருக்கப் பார்த்தார். மூன்றாவது மாடிக்குத்தான்.

தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "கவனிச்சிட்டாங்க மாப்பிள்ளை. இப்பதான் அந்தப் பொண்ணு உங்க அப்பா பேரைக் கேட்டுச்சு. அதுக்குத்தான்."

கவுன்டரைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல அடங்கினார். "யாரு பண்ணினது?" என்றார்.

"நீங்கதான்."

சும்மா சொல்லாதீங்க என்று கையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதே கலவரத்தோடு அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். நம்பவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கேனா?"

"நல்லா பண்ணியிருக்கீங்க மாப்பிள்ளை."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய் ரிப்போர்ட்டை வாங்கினேன். பெயரைப் பார்த்தேன், அதன் கீழே அப்பா பெயரைப் பார்த்தேன். அவருடையதுதான்.